உங்கள் தோல் வறண்டிருக்கிறது

ஜனவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் கடையும் நலம். நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவின் முழங்கால் எப்படி? மாடிப்படி ஏற விடாதே. ஏறினால் இறங்க மாட்டாள், அங்கேயே உட்கார்ந்துகொண்டு உன்னைத் திட்டுவாள்.

கடிதமா என்று சிரிக்காதே. போன வாரம் நாம் போனில் போட்ட சண்டையைப் பக்கத்து அறையிலிருந்து கேட்டு அம்மா அழுதாளாம். பேசினால் இரண்டாவது நிமிடம் நீ "ஏய்" என்பாய், நான் அக்கா என்றும் பாராமல் "வைடி போனை" என்பேன். எழுதினால் எச்சில் தெறிக்காது. அம்மாவிடம் பேச போன், உன்னிடம் வியாபாரம் பேசத் தாள். இனிமேல் இதுதான் ஏற்பாடு.

விஷயத்துக்கு வருகிறேன். உன் புதுப் போஸ்டர் வந்தது. பசை வாளியோடு ஒருவன் வந்து என் கடைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போனான். ஆளுயரத்துக்கு ஒரு வெளுத்த பெண், நம் பவுடர் டப்பாவைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். கீழே "எல்லோருக்கும்" என்று போட்டிருக்கிறது. அந்த எல்லோரில் நம்மைத் தேடினேன். அவள் தோளுக்குப் பின்னால் மங்கலாக ஒருத்தி நிற்கிறாள். அவளும் நம்மில் வெளுத்தவள்தான்.

பஸ் கண்டக்டரம்மாவை உனக்குத் தெரியும். நீ சமையலறையில் பவுடர் கலந்த காலத்திலிருந்து வாங்குகிறவள். உள்ளே வந்தவள் போஸ்டரைப் பார்த்துவிட்டு, "யாருடி இவ? உங்கக்காவுக்குப் புது நாத்தனாரா?" என்றாள். கடையே சிரித்தது. தையல்காரம்மா மட்டும் சிரிக்கவில்லை. "எல்லாக் கடையிலயும் இந்த மூஞ்சியத்தான் பாக்குறோம். இங்க ஒரு இடத்துலதான் பாக்காம இருந்தோம்" என்றாள்.

"உங்க கலருக்கு எங்ககிட்ட வராதும்மா" என்று நம்மை எத்தனை கடையில் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்? அந்தக் கோபத்தில்தானே நீ கலக்க ஆரம்பித்தாய்? என் கன்னத்தில் பூசி, வாசலில் வெளிச்சத்தில் நிறுத்தி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பாய். இருக்கிறதிலேயே அடர்ந்த நிறத்துக்கு என் வீட்டுப் பெயரையே வைத்தாய். கரிச்சான். நான் கோபித்துக்கொண்டு உன்னோடு பேசாமல் கிடந்தேன். இன்றைக்குப் பெண்கள் என் முகத்துக்கு நேராக "ரெண்டு கரிச்சான் குடு" என்று கேட்கிறார்கள். உன் கம்பெனிப் பெயரை யாரும் சொல்வதில்லை. "நம்ம டப்பா" என்கிறார்கள்.

நம்ம டப்பாவில் அந்தப் பெண்ணுக்கு என்ன வேலை? பதில் போடு. கோபத்தோடு போட்டாலும் சரி.

அம்மாவுக்கு என் முத்தம்.
கரிச்சான்


ஜனவரி 17

அன்புள்ள கரிச்சானுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவின் முழங்காலுக்குப் புது டாக்டர் ஒருவரைப் பார்த்தோம். "எடையைக் குறைங்க" என்றார். அம்மா அன்றிலிருந்து அவரை டாக்டர் என்று சொல்வதில்லை, "அந்தப் பையன்" என்கிறாள். நீ சரியாகச் சாப்பிடுகிறாயா? கடையை மூடிவிட்டு வெறும் டீயைக் குடித்துவிட்டுப் படுக்கிற பழக்கம் போயிற்றா?

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். உனக்குக் கோபம் வரும் என்று தெரியும். ஆனால் கடையில் நின்று பார்ப்பது வேறு, கம்பெனியில் உட்கார்ந்து பார்ப்பது வேறு.

பெரிய கடைகளில் நம் டப்பாவை எங்கே வைக்கிறார்கள் தெரியுமா? ஆகக் கீழ்த்தட்டில், பித்தவெடிப்பு மருந்துக்குப் பக்கத்தில். நம் பெண்கள் குனிந்து எடுக்க வேண்டும். "ஏன்?" என்று கேட்டால், "இது ஒரு சில பேருக்கான சாமான்தானே" என்று கடைக்காரன் பல்லைக் காட்டுகிறான். கண் மட்டத்துக்கு ஏற வேண்டுமானால் வெளுத்தவர்களும் வாங்க வேண்டும். அவர்கள் வாங்க வேண்டுமானால் அவர்கள் முகம் படத்தில் இருக்க வேண்டும். நீ கோட்டுக்காரர் என்று கேலி செய்கிற பங்குதாரர் இதைத்தான் சொன்னார். எனக்கும் சரியாகப் பட்டது.

நம்மை ஒதுக்கி வைத்தார்கள் என்று நாமும் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டுமா? நான் சாகிற வரைக்கும் எல்லோருடைய மானத்துக்கும் காவல்காரியா?

போஸ்டரைக் கிழிக்காதே. நான்கு நாளில் பழகிவிடும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் அக்கா


பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அம்மாவும் "அந்தப் பையனும்" சமாதானம் ஆனார்களா?

பழகவில்லை. நீ பார்க்கிறாயோ இல்லையோ, உன் படத்தைப் போட்டு "நம்மை ஏணியாக்கி ஏறியவள்" என்று எழுதி, போனுக்குப் போன் அனுப்புகிறார்கள். எனக்கே ஒருத்தி அனுப்பியிருந்தாள், நான் உன் தங்கை என்று தெரியாமல். காலி டப்பாக்களைக் கொண்டுவந்து என் மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் போகிறார்கள். ஒரு பெண் அரை டப்பா பவுடரோடு வைத்தாள். "மிச்சத்தை அந்த நாத்தனாருக்குப் பூசி விடுங்க" என்றாள். கண்டக்டரம்மா வைத்த பெயர் ஊர் பூராவும் பரவிவிட்டது.

நான் உன் பக்கம்தான் பேசுகிறேன். கீழ்த்தட்டுக் கதையை எல்லோரிடமும் சொன்னேன். சிலர் தலையாட்டினார்கள். போஸ்டர் சண்டையை என்னால் சமாளிக்க முடியும்.

இன்னொன்று இருக்கிறது, அதுதான் எனக்குப் பிடிபடவில்லை. கண்டக்டரம்மாவுக்கு வேலையில் புது அடையாள அட்டை கொடுக்கிறார்கள். போன மாதம் வாங்கிய டப்பாவைப் பூசிக்கொண்டு போய்ப் படம் எடுத்திருக்கிறாள். அட்டையைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினாள். சாம்பல் பூத்த கரி மாதிரி இருக்கிறது முகம். டிரைவர் அவளை "சாம்பல்மேடு" என்று கூப்பிடுகிறானாம். "பொணத்துக்கு அட்டை போட்ட மாதிரி இருக்குடி. பவுடர்ல என்ன பண்ணித் தொலைச்சீங்க?" என்று கேட்டாள்.

கடை நிறைய ஆட்கள். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். ஏற்கெனவே போஸ்டர் சூடு. நான் சட்டென்று, "பவுடர் அதேதான் கண்டக்டரம்மா. உங்க தோல் வறண்டிருக்கு. வெயில்ல, தூசில நாள் பூரா நிக்கிறீங்கல்ல? தண்ணி நிறையக் குடிங்க, படுக்கும்போது கிரீம் போடுங்க, சரியாயிடும்" என்றேன். அவள் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். "இருக்கும் இருக்கும்" என்று போய்விட்டாள். அன்றைக்குத் தப்பித்தேன்.

இருந்தாலும் உன்னிடம் கேட்டுவிடுகிறேன். பொடியில் எதையாவது மாற்றினாயா? ஒரு வரி எழுதினால் போதும்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.
கரிச்சான்


பிப்ரவரி 22

அன்புள்ள கரிச்சானுக்கு,

நலம், நலமறிய ஆவல். தாமதத்துக்கு மன்னித்துவிடு. அம்மாவைத் தெரபிக்குக் கூட்டிப் போவதும், ஆபீஸில் இந்தக் கூச்சலுக்குப் பதில் சொல்வதுமாகவே நாள் போகிறது.

அவர்கள் எழுதுவதையெல்லாம் நானும் படிக்கிறேன். ஒருத்தி நான் என் முகத்தையே வெளுக்க வைத்துக்கொண்டேன் என்று எழுதியிருக்கிறாள். நான் பிறந்ததிலிருந்தே உன்னைவிட ஒரு படி வெளுப்பு என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? இன்னொருத்தி என் கல்யாணப் படத்தைத் தேடி எடுத்து, அத்தானின் நிறத்தைப் பற்றி எழுதியிருக்கிறாள். அத்தான் அதைப் படித்துவிட்டு, "நான் என்ன நிறம்னு எனக்கே இன்னைக்குத்தான் தெரியுது" என்றார். அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போஸ்டருக்கு ஒரு விளக்கம் எழுதி வெளியிடுகிறோம். கொஞ்ச நாளில் ஓய்ந்துவிடும்.

உன் கடைக்குச் சுற்றிலும் விளக்கு வைத்த கண்ணாடி ஒன்று அனுப்பியிருக்கிறேன். வாசல் பக்கத்தில் வைக்காதே, உள்ளே வை. அதில் எல்லோருக்கும் முகம் எடுப்பாகத் தெரியும்.

கண்டக்டரம்மாவிடம் நீ சொன்னது ரொம்பச் சரி. நல்ல சமயோசிதம். தோல் வறட்சி என்று சொன்னதைப் பங்குதாரரிடம் சொன்னேன், அவர் உன்னைப் பாராட்டினார். எல்லாக் கடைக்காரர்களுக்கும் அப்படியே எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறோம்.

உன் உடம்பு எப்படி? சளி விட்டதா?
உன் அக்கா


மார்ச் 10

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்குச் சளி பிடிக்கவே இல்லை. நீ வேறு யாரையோ நினைத்துக்கொண்டு கேட்டிருக்கிறாய்.

கண்ணாடி வந்தது. நன்றி. அதனுடன் உன் கம்பெனித் தாளும் வந்தது. "வாடிக்கையாளர் சாம்பல் நிறம் குறித்துப் புகார் செய்தால்" என்று தலைப்பு. கீழே, "உங்கள் தோல் வறண்டிருக்கிறது. தண்ணீர் நிறையக் குடியுங்கள்." என் வாயிலிருந்து பயத்தில் விழுந்த பேச்சு, அச்சில், கம்பெனி முத்திரையோடு. எத்தனை ஊரில் எத்தனை கடைக்காரி இதை எத்தனை பேரிடம் சொல்லிக்கொண்டிருப்பாள்? அதை எண்ணிப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை.

உனக்கு எப்படி இருக்கிறதோ, எனக்கு நடுத்தெருவில் பாவாடை அவிழ்ந்த மாதிரி இருக்கிறது. நம்மைத் திருப்பி அனுப்பிய கடைக்காரிகள் என்ன சொன்னார்கள்? எங்க பவுடர் மோசம் என்றா சொன்னார்கள்? உன் தோல் சரியில்லை என்றார்கள். அதையேதான் நானும் சொல்லியிருக்கிறேன். அவர்கள் பாவம், மூன்றாம் மனுஷிகள். நான் அதே நிறத்தை வைத்துக்கொண்டு சொன்னேன்.

கண்டக்டரம்மா மறுபடி வந்தாள். "நீ சொன்ன மாதிரி தண்ணி குடிச்சுக் குடிச்சு, ஸ்டாப் இல்லாத எடத்துல பஸ்ஸ நிறுத்தி எறங்குறதே பொழப்பாப் போச்சு. மூஞ்சி மட்டும் அப்படியேதான் இருக்கு" என்றாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மருந்துக்கடையில் ஏதோ பலமான கிரீம் இருக்கிறதாம், வாங்கிப் பார்க்கப் போகிறாளாம். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பாள்.

இத்தனை நாளும் நான் பழைய இருப்பிலிருந்துதான் பூசிக்கொண்டிருந்தேன். அது தீர்ந்துவிட்டது. நேற்றுப் புது டப்பாவைப் பிரித்தேன். உன் விளக்குக் கண்ணாடியில் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. கைக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். கண்டக்டரம்மாவின் அட்டையில் இருந்த முகம் எனக்கு இருந்தது.

ஒரு தொகுதி மட்டும் கெட்டிருக்கலாம். இயந்திரத்தில் கோளாறு இருக்கலாம். அப்படி இருந்தால் அப்படியே எழுது, நான் நம்புகிறேன். இரண்டாவது தடவை கேட்கிறேன்: பொடியை மாற்றினாயா?

அம்மாவைப் பார்த்துக்கொள்.
கரிச்சான்


மார்ச் 23

என் சின்னவளுக்கு அம்மா எழுதுவது.

நல்லா இருக்கியா? நான் நல்லா இருக்கேன். கை நடுங்குது, எழுத்து கோணலா இருந்தா கோபிக்காதே. பெரியவள் உனக்கு எழுதணும் எழுதணும் என்று உட்காருகிறாள், தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு எழுந்து போகிறாள். வேலை அதிகம். அதான் நானே எழுதுறேன். நான் எழுதுவது அவளுக்குத் தெரியாது.

எனக்கு ஒரு குறையும் இல்லை. காலையில் அவளே எனக்குத் தலை வாரி, பவுடர் பூசிவிட்டுத்தான் ஆபீஸ் போவாள். அதற்கென்று பழைய டப்பாக்களைக் கொஞ்சம் எடுத்து என் பீரோவில் வைத்திருக்கிறாள். புது டப்பா மூடி அழகா இருக்கே, அதைப் பூசிவிடேன் என்று கேட்டேன். அது உனக்கு வேண்டாம்மா என்று சொல்லிவிட்டாள். என் மேல் அவ்வளவு பாசம். நீங்கள் இரண்டு பேரும் ஏன் போனில் பேசுவதில்லை? என்னிடம் மட்டும் பேசி வைத்துவிடுகிறாய். முடிந்தால் ஒரு தடவை வந்துவிட்டுப் போ.

அம்மா


மார்ச் 29

அக்கா,

அம்மா எழுதியிருந்தாள். அவளைத் திட்டாதே.

அவள் பீரோவில் பழைய டப்பா இருக்கிறதாமே.

கரிச்சான்


ஏப்ரல் 4

அன்புள்ள கரிச்சானுக்கு,

அம்மாவை நான் திட்டவில்லை.

ஆமாம், மாற்றினேன். முன்பு நம் அடர்ந்த நிறங்களுக்கு அடிப்பொடியைத் தனியாக அரைப்போம். அதில் வெள்ளை கிட்டத்தட்ட இருக்காது. இப்போது வெளுத்த நிறங்களும் சேர்ந்ததால், எல்லாவற்றையும் ஒரே அடிப்பொடியில் கலக்கச் சொன்னார்கள். அதில் வெள்ளை கூடுதல். மேலே எவ்வளவு நிறம் சேர்த்தாலும் உங்கள் தோலில் அந்த வெள்ளை எழும்பி வந்துவிடுகிறது. எனக்குப் பிறகுதான் தெரிந்தது என்று எழுதலாம். முதல் தொகுதியிலேயே தெரிந்தது. கன்னத்தில் பூசி வாசலில் நிறுத்திப் பார்க்க இங்கே நீ இல்லை. என் முகத்தில் பூசிப் பார்த்தேன், பெரிய வித்தியாசம் தெரியவில்லை, போதும் என்று விட்டுவிட்டேன். அம்மாவுக்குப் பூசியபோது பார்த்தேன். அன்றைக்கே அதை அவளுக்கு நிறுத்தினேன். ஆலையில் நிறுத்தவில்லை.

சரிசெய்யப் போகிறேன். தனி அரவை மறுபடி வரும், கோட்டுக்காரர் ஒப்புக்கொள்வார். அதுவரை நாம் விழாமல் இருக்க வேண்டும். இப்போது இது வெளியே வந்தால் கம்பெனியே இருக்காது, பிறகு யாருக்கு எதைச் சரிசெய்வது?

ஒரு சின்னப் படம் எடுக்கிறோம், எல்லோருக்கும் அனுப்ப. நம் நிறத்துப் பெண் ஒருத்தி நின்று, பவுடர் நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். வேறு யாரைப் போட்டாலும் காசுக்கு வந்தவள் என்பார்கள். உன்னை எல்லோருக்கும் தெரியும். உன் பெயர்தான் அந்த நிறத்துக்கே. முதல் போஸ்டரில் உன்னைக் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விட்டதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

வருவாயா? அம்மாவும் உன்னைப் பார்த்த மாதிரி இருக்கும்.

உன் அக்கா


ஏப்ரல் 9

அக்கா,

வருகிறேன். சனிக்கிழமை மத்தியானம் வந்துவிடுவேன்.

புது டப்பாவைத்தான் பூசிக்கொள்வேன். விளக்கு வேண்டாம், வாசலில் நிற்கிறேன். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். சம்மதம் என்றால் கேமராக்காரரை வரச் சொல்.

கரிச்சான்


ஏப்ரல் 30

அன்புள்ள கரிச்சானுக்கு,

நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தாயா? நீ போன பிறகு அம்மாவுக்கு வீடு வெறிச்சென்று இருக்கிறதாம். உன் துப்பட்டாவை இங்கேயே விட்டுவிட்டாய். அம்மா அதைத் தலையணைமேல் போட்டுக்கொண்டு தூங்குகிறாள்.

படம் நன்றாகப் போகிறது. திட்டிக்கொண்டிருந்தவர்களே மற்றவர்களுக்கு அனுப்புகிறார்கள். "இவ முகத்துல பொய் இல்லை" என்று ஒருத்தி எழுதியிருக்கிறாள். விற்பனை திரும்பி வருகிறது. தனி அரவையைப் பற்றிக் கோட்டுக்காரரிடம் பேசினேன். இப்போதுதான் எல்லாம் சரியாகிவிட்டதே, என்ன அவசரம் என்கிறார். விட மாட்டேன், பேசிக்கொண்டுதான் இருக்கிறேன்.

படத்துக்காக உனக்குப் பூசிவிட்டபோது, சின்ன வயதில் உட்காருவது மாதிரியே கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நான் எந்த டப்பாவை எடுத்தேன் என்று நீ கேட்கவில்லை. அதற்கு நன்றி.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் அக்கா


மே 21

அக்கா,

அம்மாவின் முழங்கால் தேவலையா? துப்பட்டாவை அவளே வைத்துக்கொள்ளட்டும்.

நீ நன்றி சொன்னதிலிருந்து எனக்குப் பதில் எழுதக் கை வரவில்லை. கேட்கவில்லை என்று எழுதியிருந்தாய். கேட்க வேண்டிய அவசியம் இல்லை. முதல் ஒற்றலிலேயே தெரிந்துவிட்டது. புதுசு சுண்ணாம்பு மாதிரிக் கன்னத்தில் பிடிக்கும். நீ ஒற்றியது வழுக்கிக்கொண்டு போயிற்று. அம்மாவின் பீரோவை நீ திறந்து மூடிய சத்தமும் கேட்டது.

அப்போதே எழுந்திருக்கலாம். ஏன் எழுந்திருக்கவில்லை என்று தினமும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். நீ என் முகத்தைத் தொட்டு எத்தனை வருஷம் ஆயிற்று? நெற்றியை ஒரு விரலால் நிமிர்த்தி, "ஆடாதடி கழுதை" என்றாயே, அதில் ஒரேயடியாக விழுந்துவிட்டேன். கண்ணைத் திறந்தபோது அம்மா, "இப்பத்தான் எம் பொண்ணு மாதிரி இருக்கா" என்றாள். கண்ணாடியில் பார்த்தேன். அழகாக இருந்தேன் அக்கா. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும். கேமராவுக்குப் பின்னால் இத்தனை பேர் நிற்க, நான் ஒருத்தி அழகாக இருந்தேன், அதை விட மனசு வரவில்லை. ஒன்றும் சொல்ல மாட்டேன் என்று எழுதியவள், "அதே டப்பாதான், நம்பி வாங்குங்க" என்று சொன்னேன். நீ சொல்லச் சொல்லவில்லை. நானே சொன்னேன்.

போன வாரம் கண்டக்டரம்மா கடைக்கு வந்தாள். முக்காடு மாதிரி சால்வையைப் போட்டிருந்தாள். விலக்கினாள். இரண்டு கன்னமும் உரிந்து, திட்டுத் திட்டாகச் சிவப்பும் வெள்ளையுமாக இருக்கிறது. மருந்துக்கடையில் வாங்கிய பலமான கிரீம், தோலைச் சீராக்குவது என்று கொடுத்தானாம். அது வெளுக்க வைக்கிற கிரீம். முதலில் எரிந்ததாம். எரிந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தமாம், அவன் சொன்னான். இவள் விடாமல் பூசியிருக்கிறாள்.

எதற்கு வந்தாள் தெரியுமா? டப்பா வாங்க. "உன் படத்தப் பாத்தேன்டி. உன் மூஞ்சில எவ்வளவு அழகா உக்காருது! நீயும் நானும் ஒரே நிறந்தானே? அப்ப கோளாறு என் தோல்லதான். நீ அன்னைக்கே சொன்ன. நான்தான் வாய் கொழுத்துப்போய், நாத்தனாரு அது இதுன்னு ஊரெல்லாம் பேசிட்டேன். உங்கக்காகிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லு" என்றாள்.

நான் டப்பாவை எடுத்துக் கொடுக்கவில்லை, ஸ்டாக் இல்லை என்றேன். அலமாரி நிறைய அவள் கண்ணெதிரே இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சரி, வந்ததும் எடுத்து வை" என்று போய்விட்டாள். அவள் பார்த்த பார்வைக்கு அர்த்தம், இந்த மூஞ்சிக்கு விற்கவும் இவளுக்கு மனசில்லை என்பது. அவள் வாழ்நாள் முழுக்க எல்லாக் கடையிலும் பார்த்தது அதுதான்.

அன்றைக்கு நான் ஓடிப்போய்த் தடுக்கவில்லை. மறுநாள் காலையில் பஸ் டிப்போவுக்குப் போனேன். டிரைவர்கள், கண்டக்டர்கள் எல்லோரும் டீ குடித்துக்கொண்டு நின்றார்கள். அவளைத் தனியாகக் கூப்பிடலாமா என்று யோசித்தேன். கடை நிறைய ஆட்கள் முன்னால்தானே அவளிடம் பொய் சொன்னேன்? அதனால் அங்கேயே சொன்னேன். பொடி மாறியது, கோளாறு டப்பாவில்தான், அவள் தோலில் ஒன்றும் இல்லை, படத்தில் நான் பூசியது பழையது, எல்லாம் தெரிந்துதான் பேசினேன் என்று சொன்னேன்.

அவளைச் சாம்பல்மேடு என்று கூப்பிட்ட டிரைவர் கையிலிருந்த டீயைக் கீழே ஊற்றினான். அவள், "எப்பலேருந்து தெரியும்?" என்று மட்டும் கேட்டாள்.

"மார்ச்சுலேருந்து."

"நான் கிரீம் வாங்கப் போறேன்னு சொன்னேனே, அப்பவா?"

"ஆமா."

அதற்குள் நேரம் ஆகிவிட்டது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிட்டாள். அவள் திட்டுவாள் என்று நினைத்துத்தான் நானும் பின்னாலேயே ஏறினேன். திட்டினால் தேவலை என்று இருந்தது. ஒவ்வொரு சீட்டாக வந்தாள், டிக்கெட் கொடுத்தாள், சில்லறை கொடுத்தாள், ஒரு கிழவரிடம் விளையாட்டுக்குச் சண்டை போட்டாள். என் சீட்டுக்கு வந்ததும் அடுத்த சீட்டுக்குப் போய்விட்டாள். காசை நீட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கடைசி ஸ்டாப் வரைக்கும் என்னிடம் டிக்கெட் கேட்கவில்லை. ஆளில்லாத சீட்டைக் கடப்பது மாதிரிக் கடந்து போனாள்.

நம் டப்பாக்களையெல்லாம் கட்டி வைத்துவிட்டேன், உன் ஆளை அனுப்பி எடுத்துக்கொள். வருகிற ஒவ்வொருத்தியிடமும் டிப்போவில் சொன்னதையே சொல்கிறேன். தையல்காரம்மா கேட்டுவிட்டு, தெருவுக்கு அந்தப் பக்கம் போய் நடந்தாள். சிலர் அதற்குள் போனில் எழுதிவிட்டார்கள், நீ பார்த்திருப்பாய். உன் கம்பெனி என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. அம்மாவிடம் என்ன சொல்ல வேண்டுமோ நீயே சொல். நான் சொல்வதற்கு முன்னால் நீ சொன்னால் நல்லது.

இன்னொரு விஷயம் பாக்கி இருக்கிறது. கண்டக்டரம்மா உன்னிடம் சொல்லச் சொன்ன மன்னிப்பைச் சொல்லிவிட்டேன். அவள் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவில்லை, அது உன்னிடம்தான் இருக்கிறது. அதை அவளிடம் திருப்பிக் கொடு. தபாலில் அனுப்பாதே, வேறு யாரிடமும் கொடுத்து அனுப்பாதே. நீயே வா. பதினேழாம் நம்பர் பஸ், காலை ஷிப்ட். உன்னிடம் டிக்கெட் கேட்பாளா என்று என்னால் சொல்ல முடியாது.

அத்தானைக் கேட்டதாகச் சொல். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் தங்கை